ஸ்லரி டிபிஎம்ல டென்சிட்டிய எதை வெச்சு அளக்குறது: காமாவா, கோரியாலிஸா, டிபியா, அக்கூஸ்டிக்கா, இல்ல மட் பேலன்ஸே போதுமா?

ஸ்லரி டிபிஎம் (களிக் கரைசல வெச்சு முகப்ப தாங்கிக்கிட்டே டன்னல் தோண்டுற மிஷின்) இறங்கப்போற எந்த ப்ராஜெக்ட்லயும் ஒரு வாக்குவாதம் கண்டிப்பா வரும், டென்சிட்டி மீட்டர் எது வாங்குறதுன்னு. பர்ச்சேஸ்காரர் விலைய பாப்பாரு, சேஃப்டி ஆபீசர் ரேடியேஷன்னு காதுல விழுந்ததுமே வேணாம்னுடுவாரு, டிபிஎம் சப்ளையர் அவங்க வழக்கமா போடுறதையே போடச் சொல்லுவாங்க, நடுவுல மாட்டிக்கிட்டு நிக்கிறது டெக்னிக்கல் ஆபீஸ்ல இருக்குற சின்ன வயசு இன்ஜினியர்தான். "எல்லா பிராஷரும் 'ஹை அக்குரசி'ன்னுதான் போட்டிருக்கு, எதை நம்புறது"ன்னு அவங்கதான் திரும்பத் திரும்ப கேக்குறாங்க. சிங்கப்பூர், மலேசியா டன்னல் வேலைல இருக்குற நம்ம ஆளுங்களும் இதையே கேக்குறதால எல்லாத்தையும் ஒரே இடத்துல வெச்சு எழுதிடுறேன்.

## முதல்ல எதுக்கு அளக்குறோம்னு பாப்போம்

புதுசா வர்றவங்களுக்காக சுருக்கமா சொல்றேன். பெண்டனைட்ங்கிற களி கலந்த ஸ்லரிய ஃபீட் லைன் வழியா கட்டர்ஹெட்டுக்கு (மிஷினோட முன்பக்கம் மண்ண வெட்டுற தலை) பம்ப் பண்றோம், அது மண் முகப்ப அழுத்தி விழாம நிறுத்துது, வெட்டின மண்ணோட கலந்து டிஸ்சார்ஜ் லைன்ல மேல எஸ்டிபிக்கு (ஸ்லரிய சுத்தம் பண்ற பிளான்ட்) வருது, அங்க ஷேக்கர், டீசாண்டர், டீசில்டர்னு மண்ண பிரிச்சிட்டு ஸ்லரி திரும்ப உள்ள போகுது. வெட்டின மண்ணு நம்ம கண்ணுக்கே தெரியாது. ஈபிபி மிஷின்ல (வெட்டின மண்ணையே வெச்சு முகப்ப தாங்குற வகை) பெல்ட் மேல மண்ணு போறத பாக்கலாம், வேகன எடை போடலாம். ஸ்லரில எல்லாம் பைப்புக்குள்ள. ஒரு ரிங்குக்கு (டன்னல் சுவரா மாட்டுற ஒரு வளையத்தோட நீளத்துக்கு) எவ்ளோ மண்ணு வெளிய வந்துச்சுன்னு சொல்றதுக்கு நம்மகிட்ட இருக்குறது நாலே நம்பர்: ரெண்டு லைனோட ஃப்ளோ, ரெண்டு லைனோட டென்சிட்டி.

வர வேண்டியத விட அதிகமா மண்ணு வந்தா மேல எங்கயோ காலி இடம் உருவாகுதுன்னு அர்த்தம். அந்த இடம் மெதுவா மேல ஏறி ரோட்டுல பள்ளமா திறக்குறதுக்கு சில மணி நேரமும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். 2008 மே மாசம் சிங்கப்பூர்ல சர்க்கிள் லைன் வேலை நடந்துட்டிருந்தப்போ ஹாலண்ட் ரோடு பக்கம் கார்ன்வால் கார்டன்ஸ்ல தரை உள்வாங்குச்சு. கோலாலம்பூர்ல ஸ்மார்ட் டன்னல் தோண்டினப்போ சுண்ணாம்புப் பாறைல இருந்த குகை, பிளவுகளால பல இடத்துல மேல குழி விழுந்துச்சு. வீடு, கடை, பஸ் போற ரோடு இதுக்கெல்லாம் அடியில நாம போறோம், அதனால இந்த நம்பர வெறும் ரிப்போர்ட்டுக்காக நிரப்புற நம்பரா நினைக்கவே கூடாது.

## ஒரு கணக்கு போட்டுப் பாருங்க

பிராஷர திறக்குறதுக்கு முன்னாடி இந்தக் கணக்க உங்க மிஷினுக்கு போட்டு வெச்சுக்கோங்க. நான் சாதாரண மெட்ரோ சைஸ்ல போடுறேன்.

6.6 மீட்டர் விட்டம், 1.4 மீட்டர் ரிங்னா ஒரு ரிங்குக்கு ஏறக்குறைய 48 கன மீட்டர் மண்ணு. 35% போரோசிட்டி (துகளுக்கு நடுவுல இருக்குற காலி இடம்) இருக்குற மணல்னு வெச்சுக்கிட்டா உலர்ந்த எடை 82 டன். நிமிஷத்துக்கு 30 மிமீ போனா ரிங் முடிய 47 நிமிஷம் ஆகும். டிஸ்சார்ஜ் மணிக்கு 800 கன மீட்டர்னா அந்த நேரத்துல 620 கன மீட்டர் ஸ்லரி வெளிய வரும். ஃபீட் டென்சிட்டி (கன மீட்டருக்கு டன் கணக்குல) 1.10 இருந்தா டிஸ்சார்ஜ் 1.17, 1.18 கிட்ட நிக்கும். அதாவது நாம தேடுற மொத்த மண்ணும் அந்த 0.07, 0.08 வித்தியாசத்துக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கு.

இப்போ ஒரு மீட்டர் மட்டும் 0.01 தப்பா காட்டுதுன்னு வைங்க. 620 கன மீட்டருக்கு 6.2 டன், அத உலர்ந்த மண்ணு கணக்குக்கு மாத்தினா சுமார் 10 டன். ரிங்கோட மண்ணுல 12%. பத்து டன் அதிகமா வெட்டிட்டமா, இல்ல மீட்டர் பொய் சொல்லுதான்னு பிரிச்சு சொல்லவே முடியாது. தப்பு 0.005ஆ இருந்தா 6%, 0.001ன்னா 1.2%.

இதுலருந்து ரெண்டு விஷயம் தெரியுது. ஒண்ணு, ரெண்டாவது தசமத்தோட நிக்கிற எந்தக் கருவியும் ரிங் கணக்குக்கு ஆகாது. ரெண்டாவது இன்னும் முக்கியம்: நமக்கு வேண்டியது வித்தியாசம்தான். ரெண்டு மீட்டரும் ஒரே பக்கம் ஒரே அளவு தப்பு காட்டினா பெரும்பகுதி கழிஞ்சு போயிடும், ஒண்ணு மட்டும் நகர்ந்தாதான் ஆபத்து. அதனால பிராஷர்ல போட்டிருக்குற அக்குரசிய விட, எவ்ளோ நாள் நகராம நிக்கும், நகர்ந்தா எவ்ளோ சீக்கிரம் கண்டுபிடிக்கலாம்ங்கிறதுதான் என் முதல் கேள்வி.

## எதையெல்லாம் வெச்சு எடை போடப்போறேன்

டிரிஃப்டும் (ரீடிங் மெதுவா நகர்றது) ரிப்பீட்டபிலிட்டியும் (திரும்ப அளந்தா அதே நம்பர் வர்றது) மேல சொன்னதுதான், இதுக்குத்தான் அதிக மார்க்.

கல்லு, கூழாங்கல்லு தாங்குமா. டிஸ்சார்ஜ் லைன்ல கிரஷர தாண்டியும் விரல் கனத்துக்கு மேல கல்லு வரும், செகண்டுக்கு மூணு மீட்டர் வேகத்துல. லேப்ல தண்ணிய வெச்சு டெஸ்ட் பண்ணின நம்பர் இங்க செல்லாது.

காத்துக் குமிழி. ஸ்லரில 1% காத்து இருந்தாலே டென்சிட்டி 0.012 குறையும். இன்டர்வென்ஷன் (ஆளு முகப்புக்குள்ள போய் வேலை பாக்குறது) முடிஞ்சு திரும்ப ஆரம்பிக்கும்போதும், காத்து அழுத்தத்தால முகப்பு பிரஷர பிடிக்கிற ஏர் பபிள் சேம்பர் இருக்குற மிஷின்ல லெவல் கீழ போகும்போதும் இது நடக்கும். மண்ணு கம்மியா வந்த மாதிரி காட்டும், அதாவது ஆபத்த மறைக்கிற பக்கம் தப்பு போகும்.

எங்க மாட்டலாம். மிஷினுக்குப் பின்னாடியே வர்ற பேக்கப் கேன்ட்ரில மாட்டினா முகப்புல நடக்குறது சீக்கிரம் தெரியும். மிஷின இறக்கின ஷாஃப்ட்டுக்கு மேல மாட்டினா ஒரு கிலோமீட்டர் டன்னலுக்கு அஞ்சரை நிமிஷம் லேட்டு, நிமிஷத்துக்கு 30 மிமீ போற மிஷின் அதுக்குள்ள 16, 17 செமீ முன்னாடி போயிருக்கும்.

மறைஞ்சிருக்குற செலவு. லைசென்ஸ், ஆளு, ஸ்பூல் பீஸ் (மீட்டர் மாட்டுற பைப் துண்டு) மாத்துறது, கேலிப்ரேஷனுக்கு நிறுத்துற நேரம், ப்ராஜெக்ட் முடிஞ்சதும் கருவிய என்ன பண்றதுங்கிறது. கொட்டேஷன்ல இதுல ஒண்ணுகூட இருக்காது.

## மட் பேலன்ஸ்

ஆயில் டிரில்லிங்லருந்து வந்த பழைய தராசு. கப்புல ஸ்லரி ஊத்தி, மூடி வழியா வழியுறத துடைச்சிட்டு, ரைடர நகத்திப் படிக்கணும். விலை கம்மி, கரண்ட் வேணாம், நல்ல தண்ணிய ஊத்தி 1.00 காட்டுதான்னு பாத்தா கேலிப்ரேஷன் முடிஞ்சுது. எஸ்டிபில ஷிஃப்ட் ஷிஃப்ட்டா மார்ஷ் ஃபனலும் (ஸ்லரியோட கெட்டித்தன்மைய பாக்குற புனல்) இதுவும் இல்லாம வேலையே நடக்காது.

ஆனா ஸ்கேல் 0.01லதான் நிக்குது, அதனால ரிங் கணக்குக்கு இது பத்தாதுன்னு மேலயே பாத்துட்டோம். அதை விட பெரிய பிரச்சனை சாம்பிள். டிஸ்சார்ஜ் லைன்ல அரை இஞ்ச் வால்வ திறந்து பிடிச்சா தண்ணியும் நைஸ் மண்ணும் வரும், கல்லும் சரளையும் பைப்புலயே போயிடும். அந்தக் கப்புல இருக்குறது பைப்புக்குள்ள போறது இல்ல. அதனால டிஸ்சார்ஜ் லைனுக்கு மட் பேலன்ஸ் ரீடிங்க ஆதாரமா காட்டுற ரிப்போர்ட்ட நான் நம்புறதில்ல. ஃபீட் டேங்குல எடுத்த சாம்பிள்னா நம்புவேன், அங்க பெரிய கல்லு கிடையாது.

இன்னும் ஒரு தசமம் வேணும்னா மூடில சின்ன ஓட்டை இருக்குற ஒரு லிட்டர் ஸ்டீல் பாத்திரமும், ஒரு கிராம் வரைக்கும் காட்டுற எலக்ட்ரானிக் தராசும் போதும். முதல்ல தண்ணி நிரப்பி பாத்திரத்தோட உண்மையான கொள்ளளவ எடுத்துக்கோங்க. நிதானமா பண்ணினா 0.002, 0.003 வரைக்கும் வரும். இதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க, எந்த ஆன்லைன் மீட்டர் வாங்கினாலும் அத சரி பாக்குறதுக்கு இதுதான் வேணும்.

மறைஞ்ச செலவுன்னா ஆளுதான். ராத்திரி ஷிஃப்ட்ல மழைல நின்னு ஒழுங்கா துடைச்சுப் படிக்கிற ஆளு இல்லன்னா, முந்தின ரீடிங்கோட ஜெராக்ஸ்தான் லாக் புக்ல வரும். அது அந்த ஆளோட தப்புன்னு சொல்ல மாட்டேன், அவருக்கு கூரையும் வெளிச்சமும் டேபிளும் போட்டுக் கொடுக்காதது நம்ம தப்பு.

## காமா டென்சிட்டி மீட்டர்

பைப்புக்கு ஒரு பக்கம் சீசியம்-137 சோர்ஸ், எதிர்ப்பக்கம் டிடெக்டர். நடுவுல எவ்ளோ நிறை இருக்கோ அந்த அளவுக்கு கதிர் குறையும். ஸ்லரிய எதுவும் தொடாது, அதனால கல்லு அடிச்சு உடையுறதுக்கு ஒண்ணும் இல்ல, பைப்ப அடைக்கவும் அடைக்காது. பைப்போட முழு குறுக்கையும் ஊடுருவிப் பாக்குறதால கல்லு, மணல், களி எல்லாத்தையும் சேத்துத்தான் கணக்கெடுக்கும். டிஸ்சார்ஜ் லைனுக்கு உலகம் முழுக்க இத இன்னும் விடாம போடுறதுக்கு இதுதான் காரணம், எனக்கும் அதுல கருத்து வேறுபாடு இல்ல.

ஆனா பிராஷர்ல பெருசா எழுதாத ஒரு விஷயம் இருக்கு, பைப் தேய்மானம். கதிர் பைப்போட இரும்பையும் சேத்துத்தான் பாக்குது. 300 மிமீ பைப்புல ரெண்டு பக்கமும் ஒவ்வொரு மிமீ தேஞ்சா ரீடிங் 0.03க்கும் மேல குறைஞ்சிடும். மணலும் கல்லும் ஓடுற டிஸ்சார்ஜ் லைன்ல ஒரு மிமீ தேயுறது அதிசயமே இல்ல. மேல போட்ட கணக்குல 0.01க்கே 12% போச்சு, இது அது போல மூணு மடங்கு. அதுவும் எந்தப் பக்கம்? மண்ணு கம்மியா வர்ற மாதிரி காட்டுற பக்கம். மெதுவா நடக்குறதால யாருக்கும் சந்தேகம் வராது, ஏன்னா ட்ரெண்ட் அழகா வழுவழுன்னு இருக்கும். அதனால மீட்டர் மாட்டுற இடத்துல தேய்மானம் தாங்குற தனி ஸ்பூல் போடுங்க, படுக்கைப் பைப்புல வேணாம், கீழ இருந்து மேல போற நிமிர்ந்த பைப்புல போடுங்க. படுக்கைப் பைப்புல மணல் அடியில ஓடும், தேய்மானமும் அடிப்பக்கம்தான் ஜாஸ்தி. அப்புறம் அல்ட்ராசோனிக் திக்னஸ் கேஜ் வெச்சு ஸ்பூல ஒழுங்கா அளந்து எழுதி வைங்க.

இன்னொண்ணு, கதிர் எண்ணிக்கைங்கிறது எப்பவும் கொஞ்சம் ஆடும். சேஃப்டிக்காக சின்ன சோர்ஸ் வாங்கினா ஆட்டம் ஜாஸ்தி, அத அடக்க ஆவரேஜிங் டைம கூட்டணும், கூட்டினா ரீடிங் லேட்டாகும். ரிங் மொத்தத்துக்கு இது பிரச்சனை இல்ல, நிமிஷத்துக்கு நிமிஷம் பாக்குற ஆபரேட்டருக்குத்தான் பிரச்சனை.

செலவுக்கு வருவோம். மீட்டர் விலைய விட பேப்பர் வேலைதான் பெருசு. இந்தியால ஏஇஆர்பி (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) லைசென்ஸ், சைட்டுக்கு ஒரு ரேடியாலஜிக்கல் சேஃப்டி ஆபீசர் (ஆர்எஸ்ஓ), டோஸ் அளக்குற டிஎல்டி பேட்ஜ், சோர்ஸ் வைக்க பூட்டுன இடம், எடுத்துட்டுப் போக அனுமதி. சிங்கப்பூர்ல 2007 ரேடியேஷன் ப்ரொடக்ஷன் சட்டம், மலேசியால 1984ம் வருஷத்து 304ம் சட்டம், எல்லா ஊர்லயும் கதை ஏறக்குறைய இதேதான். மிஷின் வந்து இறங்கினப்புறம் லைசென்ஸுக்கு அப்ளை பண்ணினா மீட்டர் இல்லாமலேயே ட்ரைவ் (டன்னல் தோண்டுற ஓட்டம்) ஆரம்பிக்க வேண்டி வரும், அதுவும் லாஞ்ச் சமயத்துல, அப்போதான் மேல்மண்ணு கனம் கம்மியா இருக்கும், ரிஸ்க் உச்சத்துல இருக்கும். சீசியத்தோட ஹாஃப் லைஃப் 30 வருஷம். நாலு வருஷ ப்ராஜெக்ட் முடியும்போது சோர்ஸ்ல 91% அப்படியே இருக்கும், அத குப்பைல போட முடியாது, திரும்ப எடுத்துக்குறதா சப்ளையர்கிட்ட வாங்கும்போதே எழுதி வாங்கணும். எழுதி வாங்கலன்னா ஜேவி (வேலைக்காக சேந்த கூட்டுக் கம்பெனி) கலைஞ்சப்புறம் அந்த டப்பாவுக்கு யார் பொறுப்புன்னு தேட வேண்டி வரும்.

ரேடியேஷன் பயத்த பத்தி ஒரு வார்த்தை. ஷட்டர் சரியா இருந்து வேலி போட்டு, பக்கத்துல வெல்டிங் வேலை நடக்கும்போது பூட்டி வெச்சா தொழிலாளிக்கு கிடைக்கிற டோஸ் ரொம்பக் கம்மி. ஆனா கேன்ட்ரில இடம் ஏற்கனவே நெருக்கடி, மீட்டருக்கு ரெண்டடி தள்ளி நின்னு பைப் ஃபிட்டர் தினமும் வேலை பாக்குறாருன்னா அவருக்கு அது என்னன்னு அவர் மொழில சொல்லிக் கொடுக்குறது நம்ம கடமை. இங்கிலீஷ் போர்டு ஒட்டினா போதாது, தமிழ், இந்தி, பெங்காலி, யார் நிக்கிறாங்களோ அவங்களுக்குப் புரியணும்.

## கோரியாலிஸ்

ஆடுற குழாய் வழியா ஸ்லரிய விட்டு, ஆடுற வேகத்தை வெச்சு டென்சிட்டிய கண்டுபிடிக்குது. சுத்தமான திரவத்துல 0.001க்கும் கீழ போற துல்லியம், கூடவே மாஸ் ஃப்ளோவும் கொடுத்துடும். இந்த லிஸ்ட்லயே பேப்பர்ல ஜெயிக்கிறது இதுதான்.

டிஸ்சார்ஜ் லைன்ல கதையே வேற. உள்ள இருக்குற குழாய் மெல்லிசு, வளைவு இருக்குற மாடல்னா கல்லு நேரா அந்த வளைவுலதான் அடிக்கும். குழாய் தேஞ்சா அதோட விறைப்பு மாறும், விறைப்பு மாறினா டென்சிட்டி ரீடிங் நகரும், அப்புறம் ஒரு நாள் ஓட்டை விழும். பெரிய லைனுக்கு ஏத்த சைஸ் வாங்கினா எடையும் விலையும் தலைய சுத்தும். அதனால சிலர் சின்ன மீட்டர வாங்கி பக்கத்துல ஒரு சின்ன லைன் பிரிச்சு அதுல மாட்டுவாங்க. அங்க மட் பேலன்ஸ்ல சொன்ன அதே சாம்பிள் பிரச்சனை திரும்ப வந்துடுது, கல்லு சின்ன லைனுக்குள்ள திரும்பாது. விலை உசந்த மீட்டர வாங்கி தப்பான சாம்பிள ரொம்பத் துல்லியமா அளக்குறதுல என்ன பிரயோஜனம்?

இது ஜெயிக்கிற இடம் இருக்கு. மேல எஸ்டிபில புது பெண்டனைட் கலக்குற பிளான்ட், ஃபீட் லைன், அப்புறம் மைக்ரோ டன்னலிங்ல 100, 150 மிமீ லைன், மண்ணும் நைஸ் மணலோ களியோ, கல்லு இல்லன்னா தைரியமா போடுங்க. நிறுத்தும்போது தண்ணி விட்டு ஃப்ளஷ் பண்ற பழக்கம் மட்டும் வேணும், உள்ள மண்ணு படிஞ்சா அடுத்த நாள் முழுக்க ஜீரோ தப்பாவே இருக்கும்.

## டிஃபரன்ஷியல் பிரஷர் (டிபி)

நிமிர்ந்த பைப்புல மேல ஒண்ணு கீழ ஒண்ணு டயஃப்ராம் சீல் (பிரஷர வாங்கிக்கிற மெல்லிசான தகடு), நடுவுல இருக்குற ஸ்லரியோட எடைய பிரஷரா படிக்குது. எளிமையான ஃபிசிக்ஸ், லைசென்ஸ் வேணாம், எந்த இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனுக்கும் கை வந்த வேலை, ஸ்பேர் எல்லா ஊர்லயும் கிடைக்கும்.

ரெண்டு மீட்டர் இடைவெளில 0.01 டென்சிட்டி மாற்றம்ங்கிறது வெறும் 2 மில்லிபார். அதே ரெண்டு மீட்டர்ல ஸ்லரி 3 மீட்டர் வேகத்துல ஓடும்போது உராய்வே 6 மில்லிபார் வரும், அதாவது 0.03 டென்சிட்டி அளவுக்கு பொய். உராய்வு வேகத்தோடயும் மாறும், விஸ்காசிட்டியோடயும் மாறும், பைப் உள்பக்கத்தோட சொரசொரப்போடயும் மாறும். சாஃப்ட்வேர்ல ஒரு நிலையான நம்பர கழிச்சிட்டு ஓட்டுறவங்க இருக்காங்க, அது ஃப்ளோ மாறாத வரைக்கும்தான் சரி.

இதுக்கு நல்ல வழி யூ வடிவ லூப். ஒரு கால்ல ஸ்லரி மேல ஏறும், இன்னொரு கால்ல கீழ இறங்கும். ஏறுற பக்கம் உராய்வு கூடும், இறங்குற பக்கம் அதே உராய்வு குறையும், ரெண்டையும் ஆவரேஜ் எடுத்தா உராய்வு அடிபட்டுப் போயிடும். டிரெட்ஜிங்ல ரொம்ப காலமா தெரிஞ்ச வித்தை. கேன்ட்ரில இதுக்கு உயரம் கிடைக்காது, ஷாஃப்ட்லயோ எஸ்டிபி வாசல்லயோதான் கட்ட முடியும், அதனால லேட்டாகுறத ஏத்துக்கணும். டயஃப்ராம கல்லு கிழிக்காம காப்பாத்தணும், மேல மண்ணு படிஞ்சா கழுவணும்.

ஃப்ளோ இல்லாத டேங்குல மட்டும் டிபிய விட மலிவா நல்லா வேலை செய்யுறது எதுவும் இல்ல.

அதோட, உங்க மிஷின்லயே ஒரு இலவச டிபி மீட்டர் இருக்கு. கட்டர்ஹெட்டுக்குப் பின்னாடி இருக்குற தடுப்புச் சுவரான பல்க்ஹெட்ல மேல கீழ இருக்குற பிரஷர் சென்சார்களோட வித்தியாசத்த உயரத்தால வகுத்தா அதுக்கு முன்னாடி ஸ்லரி நிக்கிற சேம்பருக்குள்ள இருக்குற டென்சிட்டி வந்துடும். சென்சார் 0.01 பார்தான் காட்டும், அஞ்சு மீட்டர் இடைவெளிக்கு 0.02 டென்சிட்டிக்கு மேல துல்லியம் வராது, ஆனா சேம்பர் அடியில மண்ணு சேருதாங்கிறத இது போல வேற எதுவும் காட்டாது. கோலாலம்பூர் கிளாங் வேலி எம்ஆர்டில சுண்ணாம்புப் பாறைக்காக இறக்கின வேரியபிள் டென்சிட்டி மிஷின்ல இது இன்னும் முக்கியம், ஏன்னா அங்க சேம்பர்ல கெட்டியான ஸ்லரி நிக்கும், அத பின்னாடி ஸ்லரிஃபையர் பாக்ஸ்ல நீர்த்துப் போக வெச்சுத்தான் டிஸ்சார்ஜ் பண்ணுவாங்க. டிஸ்சார்ஜ் மீட்டர் காட்டுற நம்பர் சேம்பரோட நம்பர் கிடையாது.

## அக்கூஸ்டிக் மீட்டர்

அல்ட்ராசவுண்ட ஸ்லரிக்குள்ள அனுப்பி, அக்கூஸ்டிக் இம்பீடன்ஸ் (ஒலிக்கு ஸ்லரி காட்டுற தடை) அல்லது ஒலி எவ்ளோ குறையுதுங்கிறத வெச்சு டென்சிட்டி சொல்லும். காமாவுக்கு மாற்றுன்னு சொல்லி இப்போ நிறைய விக்கிறாங்க. லைசென்ஸ் வேணாம்ங்கிறது பெரிய நிம்மதி, மாட்டுறதும் சுலபம்.

இம்பீடன்ஸ் வகை, சென்சார் முகத்த ஒட்டி இருக்குற ஸ்லரியத்தான் பாக்குது. நைஸ் மண்ணு ஒரே சீரா கலந்திருந்தா அந்த மெல்லிசான பகுதியும் முழு பைப்பும் ஒண்ணுதான். சரளைக்கல்லு நடுவுல ஓடினா சென்சாருக்கு அது தெரியவே தெரியாது. காத்துக் குமிழிய கண்டா ஒலி சிதறிடும், ரீடிங் குறையுறதோட நிக்காம சில நேரம் மொத்தமா காணாமலே போயிடும். அதனால ஃபீட் லைனுக்கு, களிமண் ட்ரைவுக்கு ஓகே. சரளை, கிரானைட் சில்லு வர்ற டிஸ்சார்ஜுக்கு இத மட்டும் நம்பி இறங்க நான் சொல்ல மாட்டேன். விக்கிறவர் பாசிட்டிவா பேசினா உங்க மண்ணுல, உங்க பெண்டனைட்ல, கல்லோட சேத்து டெஸ்ட் பண்ணிக் காட்டச் சொல்லுங்க.

பைப்ப அப்படியே எடை போடுற லோட் செல் வகையும் இருக்கு, ரப்பர் ஹோஸ் துண்ட தொங்கவிட்டு எடை பாக்குறது. கேன்ட்ரி அதிர்வுல அத நிலையா வெச்சிருக்குறது கஷ்டம், மேல தரைலன்னா யோசிக்கலாம்.

## பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா

| | டிரிஃப்ட் | கல்லு | காத்து | இடம் | மறைஞ்ச செலவு |
|---|---|---|---|---|---|
| மட் பேலன்ஸ் | இல்ல, ஆனா 0.01தான் | சாம்பிள்ல வராது | தட்டி வெளியேத்தலாம் | டேங்க், எஸ்டிபி | நல்ல ஆளு, நேரம் |
| காமா | பைப் தேஞ்சா நகரும் | கவலை இல்ல | குறைச்சுக் காட்டும் | கேன்ட்ரியும் ஓகே | லைசென்ஸ், ஆர்எஸ்ஓ, சோர்ஸ திருப்புறது |
| கோரியாலிஸ் | குழாய் தேயுற வரை அருமை | ஆகாது | ரொம்ப பாதிக்கும் | ஃபீட், சின்ன லைன் | மீட்டரையே மாத்துறது |
| டிபி லூப் | நடுத்தரம் | டயஃப்ராமுக்கு காவல் வேணும் | குறைச்சுக் காட்டும் | ஷாஃப்ட், தரை | கட்டுமானம், கழுவுறது |
| அக்கூஸ்டிக் | நடுத்தரம் | பெரிய கல்ல பாக்காது | காணாமலே போகும் | ஃபீட், நைஸ் மண்ணு | மண்ணு மாறும்போதெல்லாம் கேலிப்ரேஷன் |

## எந்த சைட்டுக்கு எது

ஊருக்கு அடியில மணல், சரளை, பாதி பாறை பாதி மண்ணுன்னு இருக்குற முகப்பு, சிங்கப்பூர் புக்கிட் தீமா கிரானைட்டோட சிதைஞ்ச பகுதி, கோலாலம்பூர் சுண்ணாம்பு, இந்த மாதிரி இடம்னா ரெண்டு லைன்லயும் காமா, ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே ஆவரேஜிங் டைம். செலவ மிச்சம் பிடிக்க ஃபீட்ல கோரியாலிஸும் டிஸ்சார்ஜ்ல காமாவும் போடலாமேன்னு கேப்பாங்க. தனித்தனியா ரெண்டும் நல்லதுதான், ஆனா ரெண்டோட தப்பும் ரெண்டு விதமா நகரும், கழிச்சா கழியாது. ஜோடியா வாங்குங்க.

முழு நல்ல பாறைன்னா கணக்கே மாறுது. மும்பை கோஸ்டல் ரோடுக்கு 12.19 மீட்டர் விட்டமுள்ள மாவளான்னு பேர் வெச்ச ஸ்லரி மிஷின் 2021ல ஆரம்பிச்சு 2023 மே மாசத்துக்குள்ள ரெண்டு டன்னல முடிச்சுது, மலபார் ஹில்லுக்கு அடியில பாறைக்குள்ள. பாறை தானா நிக்கிற இடத்துல அதிகமா வெட்டுற பயம் கம்மி, டென்சிட்டி அங்க பம்ப் லோடுக்கும் எஸ்டிபிக்கும்தான் அதிகம் பயன்படும், டிபி லூப் தாராளமா போதும். ஆனா அவ்ளோ பெரிய விட்டத்துல சேம்பர் டென்சிட்டி 0.1 மாறினாலே மேலுக்கும் அடிக்கும் இடைல பிரஷர் வித்தியாசம் 0.12 பார் மாறும்ங்கிறத மறக்காதீங்க, வழில மண்ணு பகுதி வந்தா அது விளையாட்டு இல்ல.

களிமண்ணுல பாதி மண்ணு ஸ்லரியோடயே கரைஞ்சு போயிடும், எஸ்டிபில பிரியாது, ஃபீட் டென்சிட்டி 1.10லருந்து 1.15, 1.20ன்னு ஏறிக்கிட்டே போகும். இங்க ஃபீட் மீட்டர்தான் ஹீரோ, எப்போ பழைய ஸ்லரிய தள்ளிட்டு புதுசு விடணும், எப்போ சென்ட்ரிஃப்யூஜ், ஃபில்டர் பிரஸ் ஓட்டணும்னு அதுதான் சொல்லும். அக்கூஸ்டிக்கோ டேங்க் டிபியோ, ரெண்டுல எது கிடைச்சாலும் சரி.

கிளையண்ட் கதிர்வீச்சு சோர்ஸே கூடாதுன்னு கான்ட்ராக்ட்ல எழுதிட்டார்னா வருத்தப்பட்டு பிரயோஜனம் இல்ல, ஷாஃப்ட்ல உயரமான யூ லூப் கட்டுங்க, உயரம் கூடக் கூட துல்லியம் கூடும், ஃபீட்லயும் அதே மாதிரி ஒண்ணு. லேட்டாகுற நேரத்த பிஎல்சில (மிஷின கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) டன்னல் நீளத்தோட சேத்து மாத்திக்கிட்டே வாங்க, இல்லன்னா முந்தின ரிங்கோட மண்ணு இந்த ரிங்குல விழுந்து ட்ரெண்ட் முழுக்க ரம்பப் பல்லு மாதிரி ஆயிடும்.

## எது வாங்கினாலும் இத பண்ணுங்க

பைபாஸ். ஒவ்வொரு ரிங் பில்டுக்கும் மிஷின் பைபாஸ்ல ஓடும், அப்போ ஃபீட்ல போற அதே ஸ்லரிதான் முகப்ப தொடாம டிஸ்சார்ஜ்ல திரும்ப வருது. அந்த நேரத்துல ரெண்டு மீட்டரும் ஒரே நம்பர காட்டணும். பழைய மண்ணு கழுவிப் போற வரைக்கும் சில நிமிஷம் விட்டுட்டு வித்தியாசத்த எழுதிடுங்க. 0.002 இருந்தா நல்லது, 0.005 தாண்டினா ஏன்னு பாக்கணும், 0.01 ஆச்சுன்னா அடுத்த ரிங் கணக்க யாரும் நம்பக் கூடாது. நயா பைசா செலவில்லாம, மிஷின நிறுத்தாம, ஒரு நாளைக்கு பத்து தடவைக்கும் மேல கிடைக்கிற ஜீரோ செக் இது. பைப் தேய்மானம், குழாய்ல படிவு, டயஃப்ராம் ஊறல் எல்லாமே முதல்ல இங்கதான் தலை காட்டும். ஒரு விஷயம் மட்டும், ரெண்டு மீட்டரும் பைபாஸ் வால்வுக்கு வெளிப்பக்கம் இருக்குற மாதிரி டிசைன்லயே கேட்டு வாங்கணும், மிஷின் வந்தப்புறம் மாத்துறது பெரும்பாடு.

ட்ரைவ் நடுவுல மீட்டர் வகைய மாத்த வேண்டி வந்தா பழசு கழட்டுறதுக்கு முன்னாடியே புதுச பக்கத்துல மாட்டி, குறைஞ்சது இருபது ரிங்காவது ரெண்டையும் சேத்து ஓட்டுங்க. கழட்டி மாட்டினா பழைய ரிங்குகளோட ஆவரேஜ் அங்கயே அறுந்து போயிடும், அடுத்த ரிங் அதிகமா கம்மியான்னு ஒப்பிட்டுப் பாக்க எதுவுமே இருக்காது, அந்த இருபது ரிங்குக்கு மேல யாரோட வீடு இருக்குன்னு அலைன்மென்ட் டிராயிங்ல பாத்துட்டு தேதிய குறிங்க.